பீரங்கிக்கு விட்ட வெளி

உத்திரமேரூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, முன்வரிசையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே!

இன்றைய பேச்சு ஒரு கோட்டையைப் பற்றியது. கோட்டை என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. வாள் வரும், பீரங்கி வரும், நடுராத்திரியில் துப்பாக்கிச் சத்தம் வரும். எல்லாம் வரும். கூடவே சுண்டல் விற்பவரும் வருவார், விடியற்காலையில் மப்ளர் கட்டிக்கொண்டு நடக்கிற ஓய்வுபெற்ற வாத்தியாரும் வருவார். ஏனென்றால் இது ஊருக்குப் பூங்காவாகிவிட்ட கோட்டை. வேலூர்க் கோட்டை.

கோட்டை என்ற சொல்லைத் தமிழன் எத்தனை விதமாகப் பேசுகிறான் பாருங்கள். தேர்தலில் ஜெயித்தால் கோட்டையைப் பிடித்தார் என்கிறோம். நடக்காததை நினைத்துக்கொண்டிருந்தால் மனக்கோட்டை என்கிறோம். கையில் வந்ததைத் தவற விட்டால்? கோட்டை விட்டுவிட்டான் என்கிறோம். இந்த மூன்றாவது வழக்கை மட்டும் மடியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். எதிரியிடம் கோட்டை விட்டவர்கள் கதை சரித்திரத்தில் நிறைய உண்டு. எதிரியே இல்லாத காலத்தில் புதரிடமும் குப்பையிடமும் கோட்டை விட்ட கதைகள் அதைவிட நிறைய.

தூரத்துக்குப் போகவேண்டாம். இந்த ஊரிலிருந்து தெற்கே பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று அங்கே அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. இந்தியாவில் பிரெஞ்சுக்காரனா, ஆங்கிலேயனா என்ற வழக்குக்கு அன்று தீர்ப்பு எழுதப்பட்டது. அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. தோற்ற லாலிக்கு 1766-ல் பாரிசில் தலை போனது. பாரிசில் ஒரு தலையை வாங்கிய வந்தவாசிக் கோட்டை இன்று எப்படி இருக்கிறது? இடிந்த சுவரும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது.

கிழக்கே போனால் செங்கல்பட்டு. விஜயநகர காலத்துக் கோட்டை. ஒரு பக்கம் கொளவாய் ஏரியே அதற்குக் காவல். 1752-ல் கிளைவ் பிடித்தது. பின்னாளில் ரயில் பாதை போட்டவர்கள் கோட்டையை ஊடறுத்தே பாதை போட்டார்கள். இன்றைக்கு எத்தனையோ பேர் தினமும் அந்தக் கோட்டை வழியாக வேலைக்குப் போகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே இருப்பது கோட்டை என்று அறிந்தவர்கள் எத்தனை பேர்?

வடக்கே காஞ்சிபுரத்தைத் தாண்டினால் புள்ளலூர். அங்கே 1780 செப்டம்பர் 10 அன்று மைசூரின் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை நொறுக்கினார்கள். செய்தி கேட்டதும், காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலத் தளபதி மன்றோ கனத்த பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக் கோட்டைக்கு ஓடினார். பீரங்கி குளத்தில், தளபதி சாலையில்! இந்த வட்டாரத்து மண்ணில் எங்கே மண்வெட்டி போட்டாலும் ஒரு படையெடுப்பு தட்டுப்படும்.

இத்தனையும் பக்கத்தில் இருக்க, வேலூருக்கு ஏன் போகவேண்டும்? காரணம் இருக்கிறது. ஒரு ராணுவக் கோட்டை முழுசாக நின்று, அகழியில் தண்ணீரும் நின்று, சாதாரண ஜனங்கள் கால் நீட்டி உட்கார்ந்து பொழுது போக்குகிற இடம் இந்த வட்டாரத்தில் அதுதான்.

சரி, கிளம்பலாமா?

காஞ்சிபுரத்தில் பஸ் மாறி, ஓச்சேரி, காவேரிப்பாக்கம், வாலாஜா தாண்டி ஆற்காட்டுப் பக்கம் வந்ததும் தூங்குகிற பிள்ளைகளை எழுப்பிவிட வேண்டும். அங்கிருந்து வேலூருக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். இந்தப் பாதைக்கு ஒரு கதை உண்டு, அது பிறகு. இப்போதைக்கு மணியை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூரில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மதில் இல்லை, தண்ணீர். அகன்ற அகழி. அதன் இக்கரையில் புல்தரை, மரங்கள், பெரியார் பூங்கா. அக்கரையில் கருங்கல் மதில் தண்ணீரிலிருந்தே எழுந்து நிற்கிறது. ஒரு மதில், அதற்குப் பின்னால் உயரமாக இன்னொரு மதில். மேலே இதழ் இதழாக வளைந்த கைப்பிடிச் சுவர். ஒவ்வொரு இதழிலும் துப்பாக்கிக் குழல் நுழையும் துளை. கிட்டப் போய் அந்தத் துளையில் கண்ணை வைத்துப் பார்க்கவேண்டும். வெளியே ஐஸ்கிரீம் வண்டி தெரியும். அன்று அந்த இடத்தில் நின்றவன் குறிக்குள் இருந்தான்; இன்று நிற்கிறவன் கையில் கோன் ஐஸ்.

வாசலில் இன்னொரு சங்கதி. உள்ளே போகிற வழி நேராகப் போகாது. திரும்பும், மறுபடி திரும்பும். யானையை ஓட்டி வந்து கதவை முட்டுகிறவனுக்கு ஓட்டம் எடுக்க இடம் கொடுக்கக் கூடாது. திரும்புகிற இடத்தில் மேலேயிருந்து சுடவேண்டும். அதற்காகவே வைத்த வளைவு. இன்று அதே வளைவில் ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துத் திரும்புகின்றன.

உள்ளே சுமார் 133 ஏக்கர். பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் எழுப்பியது. சின்னபொம்ம நாயக்கர் பெயர் இதோடு சேர்ந்தே நிற்கிறது. வடமொழி அறிஞர் அப்பய்ய தீட்சிதரைப் பொன்னால் முழுக்காட்டியவர் என்று பேசப்படுகிறவர். அப்புறம் மராட்டியர் வந்தார்கள், முகலாயர் வந்தார்கள், ஆற்காட்டு நவாபின் காலம் வந்தது, கடைசியில் கும்பினி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. ஒவ்வொருவரும் வந்தார்கள், ஒவ்வொருவரும் போனார்கள். கல் மட்டும் போகவில்லை.

உள்ளே ஒரு கோயில், ஒரு மசூதி, 1846-ல் கட்டிய ஒரு தேவாலயம். அருங்காட்சியகம் இருக்கிறது. ஹைதர் மகால், திப்பு மகால், கண்டி மகால் என்ற பெயர்கள் இருக்கின்றன. பெயரைக் கேட்டு அரண்மனை என்று நினைக்கவேண்டாம். அவை மாளிகை வடிவத்தில் இருந்த சிறைகள். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்ட பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். இலங்கையின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் வழி வந்த கண்ணுசாமி, 1815-ல் கண்டியில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு இங்கே வந்தான். பதினாறு வருஷம் இந்த மதிலுக்குள் இருந்து, 1832 ஜனவரி 30 அன்று இறந்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்துமண்டபம் இருக்கிறது. மாலை நேரத்தில் காற்று வாங்க ஜனங்கள் உட்காருகிற இந்த மதிலுக்குள் ஒரு ராஜா வெளியே போக வழியில்லாமல் ஆயுளைக் கழித்திருக்கிறான்.

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கிண்டல் பண்ணுவார்கள்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. இதில் நடுவில் இருப்பது இந்தக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில். குதிரையும் யாளியும் பாயும் தூண்களோடு அதன் கல்யாண மண்டபத்தைப் பார்த்தவர்கள் கல்லையா செதுக்கினார்கள், மெழுகையா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட கோயிலை ஆயுதக் கிடங்காக்கினார்கள். கருவறை காலி. தலைமுறை தலைமுறையாகக் காலி. 1981 மார்ச் 16 அன்று, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை ஊர்ஜனங்கள் கொண்டுவந்து உள்ளே வைத்தார்கள். அன்றோடு அந்தக் கிண்டலில் மூன்றில் ஒன்று அடிபட்டுப் போயிற்று.

இப்போது அந்த ஆற்காட்டுச் சாலைக் கதைக்கு வருவோம்.

1806. மதராஸ் ராணுவத்தில் புதிய உத்தரவு. சிப்பாய் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது. தாடி கூடாது. மீசை ஒரே அளவாக இருக்கவேண்டும். காதில் கடுக்கன் கூடாது. தலைப்பாகைக்குப் பதில், தொப்பி ஜாடையில், தோலில் குஞ்சம் வைத்த புதிய தலையணி. எந்தப் பிராணியின் தோல்? இந்துவுக்கும் ஆகாது, முஸ்லிமுக்கும் ஆகாது என்றால் சிப்பாய் என்ன செய்வான்? மறுத்தவர்களுக்குக் கசையடி. நெற்றியில் தொட்டார்கள், தாடியில் தொட்டார்கள், தலையில் தொட்டார்கள். பிறகு என்ன மிச்சம்?

ஜூலை 10. விடியலுக்கு முன் இருட்டு. கோட்டைக்குள் திப்பு மகளின் கல்யாணக் களை இன்னும் அடங்கவில்லை. சுமார் 1,500 சிப்பாய்கள் இருந்த கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. படுக்கையிலேயே வெள்ளைக்காரர்கள் சுடப்பட்டார்கள். கோட்டையின் கொடிமரத்தில் மைசூர்க் கொடி ஏறியது. இறந்தும் காயப்பட்டும் விழுந்த வெள்ளையர் இருநூறு பேர் அளவில்.

வெளியே இருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குச் செய்தி சொல்ல ஓடினார். அங்கே குதிரைப் படையோடு இருந்தவர் கில்லஸ்பி. இன்று உங்கள் பஸ் வந்த அதே வழித்தடத்தில் காலை வேளையில் குதிரைகள் பறந்தன. வாசல் மேலே சார்ஜன்ட் பிராடியும் எஞ்சிய வெள்ளைக்காரர்கள் சிலரும் மட்டும் மதிலைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கில்லஸ்பியைக் கயிறு போட்டு மேலே இழுத்தார்கள். பின்னால் வந்த பீரங்கி கதவை உடைத்தது. கோட்டையைப் பிடித்த சிப்பாய்களோ அதைக் காக்கிற ஏற்பாட்டைச் செய்திருக்கவில்லை. மடியில் முடிந்து வைத்த சொல்லை இங்கே ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள்: பிடித்த கோட்டையைச் சில மணி நேரத்தில் கோட்டை விட்டார்கள். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் செத்தார்கள். ஒளிந்திருந்தவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

மீரட்டில் 1857-ல் வெடித்ததற்கு 51 வருஷம் முன்னால் நடந்தது இது. அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். கோட்டைக்கு எதிரே மக்கான் பக்கம் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. 2006-ல் தபால் தலையும் வந்தது. ஆனால் அகழிக்கரைப் புல்லில் உட்கார்ந்து கடலை கொறிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஜூலை 10 தெரியும்?

பெரியோர்களே, இங்கே ஒரு கேள்வி. ஏன் கோட்டைகள் பூங்காவாகின்றன? அரண்மனை அத்தனை எளிதில் பூங்காவாவதில்லை, சந்தையும் ஆவதில்லை. கோட்டை மட்டும் எப்படி?

திருக்குறளில் அரண் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒரு நாட்டுக்கு அரண் எவை என்று வள்ளுவர் நான்கைச் சொல்கிறார். தெளிந்த நீர், திறந்த நிலம், மலை, நிழலடர்ந்த காடு. இந்த நான்கையும் இன்றைய நகரத்து மனுஷன் முன்னால் வைத்துப் பாருங்கள். அவன் ஞாயிற்றுக்கிழமை தேடி அலைவது இவற்றைத்தான்! அன்று பகைவனைத் தடுத்த அதே நீரும் நிலமும் நிழலும் இன்று புழுக்கத்தைத் தடுக்கின்றன.

பீரங்கி வந்த பிறகு இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. கோட்டைக்கு வெளியே வீடு கட்ட விட்டால், எதிரி அந்த வீட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சுடுவான். ஆகவே மதிலைச் சுற்றி வெட்டவெளி வேண்டும். சென்னையில் 1758 டிசம்பரில் தொடங்கி லாலி புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுக்காரர்கள் கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகரத்து வீடுகளில் புகுந்து சுட்டார்கள். முற்றுகை விலகிய பிறகு ஆங்கிலேயர்கள் பக்கத்து வீடுகளை இடித்து வெளியாக்கினார்கள். இதற்கு மேல் கட்டாதே என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. கொல்கத்தாவின் பிரசித்தமான மைதானமும் அப்படித்தான்: வில்லியம் கோட்டையின் குண்டு தடையில்லாமல் பாய்வதற்காகக் காட்டை வெட்டி உண்டாக்கிய வெளி. இன்று அங்கே பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

சிங்கப்பூரில் உறவுக்காரர் உள்ள குடும்பங்கள் இந்தச் சபையில் இருக்கும். அவர்களைக் கேளுங்கள், ஃபோர்ட் கேனிங் பூங்காவுக்குப் போயிருப்பார்கள். அந்தக் குன்றுக்கு மலாய் மொழியில் புக்கிட் லாரங்கான் என்று பெயர். தடை செய்யப்பட்ட மலை என்று அர்த்தம். 1822-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் அங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டார். 1861-க்குள் அது கோட்டையாயிற்று. 1907-ல் கோட்டையை இடிக்கத் தொடங்கினார்கள். பிறகு குன்றுக்குள் பதுங்கறை குடைந்தார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானியரிடம் சரணடையும் முடிவை ஆங்கிலேயர்கள் அந்த அறையில் எடுத்தார்கள். 1981-ல் பூங்கா. தோட்டம் கோட்டையாகி, கோட்டை மறுபடியும் தோட்டமாகி, தடை செய்யப்பட்ட மலையில் இன்று யார் வேண்டுமானாலும் பாய் விரித்துப் பாட்டுக் கச்சேரி கேட்கலாம். பழைய வாசல் கதவை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். பதுங்கறையையும் காட்டுகிறார்கள். பூச்செடியும் சரித்திரமும் அங்கே பக்கத்துப் பக்கத்தில்.

ஆக, பீரங்கிக்குப் பயந்து நூறு, இருநூறு வருஷம் ஒருவரும் கை வைக்காத வெளி. பீரங்கி போய்விட்டது. இனி அந்த வெளியைக் காப்பது யார்?

வேலூர் அகழியையே எடுத்துக்கொள்ளுங்கள். அகழி என்றால் என்ன? உத்திரமேரூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டாம். வளைத்து வெட்டிய ஏரி. ஏரிக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அதற்கும் வேண்டும். வரத்துக் கால் வேண்டும். தூர் வாரவேண்டும். மிஞ்சினால் வழிய கலங்கல் வேண்டும். இவற்றில் ஒன்றை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2021 நவம்பர் மழை காட்டிற்று. அகழி நிரம்பி, ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்தது. சாமியின் பெயரிலேயே ஜலம் இருக்கிறது என்று சிலர் சிரித்தார்கள். முழங்கால் தண்ணீரில் நின்ற பக்தர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டியவர்கள் தண்ணீர் வருகிற வழியையும் போகிற வழியையும் யோசித்துத்தான் கட்டியிருப்பார்கள். நடுவில் வந்தவர்கள் ஒரு வழியை மறந்தார்கள்.

இந்த இடத்தில்தான் பேச்சு சொந்த ஊருக்குத் திரும்புகிறது.

வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரை இந்தச் சபையில் பார்க்காதவர் யார்? முதல் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். 919, 921 ஆண்டுகள். குடவோலை, குடவோலை என்று உலகமே பேசுகிறது. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதற்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

கல்லே சொல்கிறது. முப்பது குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள். குடும்புக்கு ஒருவர், ஆக முப்பது பேர். அதில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். ஆறு பேர் ஏரி வாரியம். மீதிப் பன்னிரண்டு பேர்? தோட்ட வாரியம்! ஊர்த் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும் பன்னிரண்டு ஆட்கள். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை ஓலையில் எழுதக்கூடாது. அவன் நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரையும் எழுதக்கூடாது. அந்தச் சபையில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. அது பிராமணர் சபை. நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்கவேண்டும். பெண்ணுக்கு இடமில்லை, உழுதவனுக்கு இடமில்லை. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஆனால் ஒன்றை அவர்கள் அறிந்திருந்தார்கள். தோட்டம் தானாக வளராது, ஏரி தானாகத் தூர் வாரிக்கொள்ளாது. இரண்டுக்கும் பெயர் சொல்லி ஆள் வேண்டும், நாள் கணக்கு வேண்டும், வரவு செலவுக் கணக்கு வேண்டும்.

வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பு. அகழிக்கரைப் பூங்காவுக்கு மாநகராட்சி. கோயிலுக்குக் கோயில் நிர்வாகம். காவலர் பயிற்சிக்கு உள்ளேயே இடம். இத்தனை கைகள் சேர்ந்து ஒரு கோட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, எந்தக் கை எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறது, எந்தக் கை கலங்கலைத் திறக்கிறது என்று பார்க்க வருகிறவன் கேட்டால் தப்பா? உத்திரமேரூர்க்காரன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த சுற்றுலா வேலூருக்கு என்றால், கிளம்புவதற்கு முதல் நாள் வகுப்பில் ஒரு குடம் வையுங்கள். பிள்ளைகள் பெயரை ஓலையில் எழுதிப் போடுங்கள். ஓலை கிடைக்காவிட்டால் நோட்டுத் தாள் போதும். இந்தத் தடவை பெண் பிள்ளைகள் பெயரும் குடத்துக்குள் போகட்டும். பழைய வழக்கப்படி, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கிச் சத்தமாகப் படியுங்கள். ஆறு பேருக்கு அகழி: தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்து வரட்டும். பன்னிரண்டு பேருக்குப் பூங்கா: எத்தனை மரம், என்ன மரம், யார் தண்ணீர் ஊற்றுகிறார். மீதிப் பேருக்கு மதிலும் வாசலும் கண்டி மகாலும் ஜூலை 10-ம். திரும்பி வருகிற பஸ்ஸில் ஆற்காடு தாண்டியதும் ஒவ்வொருவரும் எழுந்து கணக்குச் சொல்லட்டும்.

குடம் இந்த ஊரில் கிடைக்காமலா போகும்?